உப்புத் தூசி வேறு, கல் தூசி வேறு

மழைக்காலத்தில் மரக்காணம் உப்பளத்தில் வேலை இருக்காது. அப்போது வானூர் பக்கத்துக் கல் கிரஷர் மேஸ்திரி லாரியோடு வந்து ஆள் பிடிப்பார். என் கணவர் பல வருஷம் அப்படிப் போனவர். ஒருமுறை நான் மாஸ்க்கும், தூசியை அடக்கத் தண்ணீரும் கேட்டேன். "உப்புத் தூசியிலயே வளந்தவங்க நீங்க. இது இன்னாம்மா பண்ணிடும்?" என்று மேஸ்திரி சிரித்தார். நாங்களும் நம்பித் தொலைத்தோம்.

சுனாமி வந்த மறுவருஷம் அவருக்கு இருமல் நிற்கவே இல்லை. பீடியே தொடாத மனிதருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். டாக்டரிடம் தூசியைப் பற்றிக் கேட்டேன்.

"உப்பு கரைஞ்சிடும்மா. கல் தூசி கரையாது. உள்ளேயே தங்கிப் புண்ணாக்கிட்டே இருக்கும். வருஷக்கணக்கா ஆறாத புண்ணு கேன்சரா மாறலாம். அதாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா எனக்குச் சந்தேகம் அது மேலதான்."

அந்த மழைக்காலத்திலும் லாரி வந்தது. ஏறியவர்களிடம் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"ஏம்மா பொழப்பக் கெடுக்கற?" என்றார் மேஸ்திரி.

"எம் புருஷன் மூச்சையே கெடுத்துட்டியே! கல்லு மேல தண்ணி தெளிச்சி மிஷின ஓட்டு, அப்புறம் ஆள் கேளு."

பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும், "நாளைக்கி நானும் வர்றேன்டி" என்றார் கணவர்.

இப்போது லாரி வரும்போதெல்லாம் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் அதன் எதிரில் உட்கார வைக்கிறேன். அவர் பேச வேண்டியதில்லை, இருமினால் போதும். லாரி காலியாகத் திரும்பும் அன்றுதான் எனக்குச் சோறு இறங்குகிறது. இதைப் படித்துவிட்டு மேஸ்திரியை மன்னிக்கச் சொல்லி யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.