யாரு வாங்கிக் குடுத்தது?

சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பையன்களின் தட்டை எட்டிப் பார்த்துக்கொண்டே வருவார் வெல்டா ஹைன்ஸ். “யாரு வாங்கிக் குடுத்தது, தம்பி?” பர்கரோ காபியோ, கேள்வி அதேதான். எங்கள் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிற, சேர வருகிற பையன்களுக்கோ அவர்கள் வீட்டாருக்கோ ரசிகர்களும் கல்லூரி ஆட்களும் எதையும் சும்மா கொடுக்கக் கூடாது என்பது விதி. அதைக் கண்காணிப்பதுதான் கல்லூரியில் அவர் வேலை. இந்தியானாவில் எங்கள் சின்ன ஊருக்குக் கூடைப்பந்துதான் உயிர். அதனால் பாதிப் பேருக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

கிறிஸ்துமஸுக்குத் தனக்கு வருகிற கேக்கைக்கூடக் கட்டுப் பிரிக்காமல் திருப்பி அனுப்புவார். மழையில் நனைந்து போகிற ஆட்டக்காரனைக் காரில் ஏற்ற மாட்டார். ஜன்னலை இறக்கி, “ஓரமாப் போ கண்ணு” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். கல்நெஞ்சுக்காரி என்று நானும் திட்டியிருக்கிறேன். என் நாக்கை அறுக்க வேண்டும்.

போன வசந்தத்தில் என் மகன் மார்லனைப் பல கல்லூரிகள் கூப்பிட்டன. அந்த நேரம் பார்த்து என் கார் படுத்துவிட்டது. கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் டேல் புக்கர், அணியின் பெரிய ரசிகர், எஞ்சினையே இலவசமாக மாற்றிக் கொடுத்தார். பையன் உள்ளூரிலேயே ஆடினால் போதும் என்றார். நானும் மனதார வாழ்த்திவிட்டு வந்தேன். மார்லன் இங்கேயே சேர்ந்தான்.

இலையுதிர்காலத்தில் பேச்சுவாக்கில் இதை வெல்டாவிடம் நானே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். வேறு யாராவது புகார் கொடுத்தால் மார்லன் கல்லூரி ஆட்டத்தையே மறந்துவிட வேண்டியதுதான் என்றார்.

“மறைச்சா மாட்டிக்குவோம், ஒடெட். நாமளே எழுதிக் குடுத்துருவோம். நான் கூட இருக்கேன்.”

பயிற்சியாளர் வேண்டாமென்று குதித்தாராம். வெல்டா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூன்று வாரம் என்னோடு உட்கார்ந்து, நடந்ததை ஒரு வரி விடாமல் எழுதினார். விதிப்படி எஞ்சின் விலையை நான் ஒரு தர்ம நிலையத்துக்குத் தவணையில் கட்ட வழி செய்தார். கல்லூரி ஆட்டங்களை நடத்தும் சங்கத்தின் தீர்ப்பு வந்தது: மூன்று ஆட்டம் வெளியே, பிறகு ஆடலாம். பெற்றவள் எனக்கு என் பிள்ளையை மீட்டுக் கொடுத்தவர் அவர். சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்த மூன்று ஆட்டத்திலும் அணி தோற்றது. அரங்கமே என்னை முறைத்தது. வெல்டா தன் இருக்கையை விட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். நான்காவது ஆட்டத்தில் மார்லன் களமிறங்கியதும் குலுங்கி அழுதுவிட்டேன். கைக்குட்டையைக் கொடுத்தார். நான் முகத்தைத் துடைத்து முடித்ததும் கையை நீட்டி, ஈரத்தோடு அதைத் திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். இன்னொரு கை என் கையை விடவே இல்லை.