பாங்குக்குப் பிறகு அடித்த பெனால்டி

எங்கள் பக்கத்தில் சோளகக் காற்று எழும்பினால் இரண்டு கூட்டம் சந்தோஷப்படும். ஒன்று, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குவதற்குக் கற்பிட்டிக்கு வரும் வெள்ளைக்காரர்கள். மற்றது நாங்கள். கடல் கொந்தளித்தால் தோணிகள் கரையேறிவிடும், தோணிக்காரர்களுக்குக் கை சும்மா இராது, ஊருக்கு ஊர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி தொடங்கிவிடும். புத்தியுள்ள எவனும் அந்தக் காற்றில் பந்து விளையாட மாட்டான். நாங்கள் விளையாடுவோம்.

நான் தோணிக்காரன் இல்லை. குறிஞ்சிப்பிட்டித் தோட்டங்களில் மரக்கறி ஏற்றிப் புத்தளம் சந்தைக்கு லொறி ஓட்டுகிறவன். எங்கள் கிளப்பில் நடுவில் விளையாடுகிறேன். பெனால்டி கிடைத்தால் அடிப்பதும் நான்தான். அப்படித்தான் போன வருஷ இறுதிப் போட்டியில், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் கிடைத்த பெனால்டியை அடிக்கப் போனேன். எங்கள் கிளப் அதுவரை ஒரு கிண்ணம்கூட எடுத்ததில்லை. அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் எடுத்திருக்கும்.

காற்றுக் காலத்தில் பந்தை நிலத்தோடு அடிக்க வேண்டும் என்பது எங்கள் ஊரில் நடக்கப் பழகும் பிள்ளைக்கும் தெரியும். நான் மேல் மூலையைப் பார்த்து அடித்தேன். அழகாகப் போட வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன. காற்று அதை மரியாதையாக வாங்கி, கம்பத்துக்கு மேலால் கொண்டுபோய், மைதானத்துக்குப் பின்னால் புத்தளம் வரைக்கும் கிடக்கும் களப்புத் தண்ணீரில் போட்டது.

கிண்ணம் போனதைக்கூடத் தாங்கியிருப்பேன். மைக்கைத்தான் தாங்க முடியவில்லை. எங்கள் போட்டிகளில் ஒலிபெருக்கியில் வர்ணனை இல்லாவிட்டால் சனம் சேராது. வர்ணனை செய்கிறவர் காலையில் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர்; வாயாலேயே நெத்தலியைப் பாரை விலைக்கு ஏற்றிவிடுவார். என் பந்து தண்ணீரில் விழுந்ததும் அவர் தொண்டையைத் திறந்தார்.

"தோணி வச்சிருக்கிற ஆக்கள் ஒருக்கா ஓடி வாங்க! நம்மட டிரைவர் லொறி இல்லாமலே பந்தைப் புத்தளத்துக்கு அனுப்பிட்டார்!"

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் அணிக்காரன் ஒருவனும் சிரித்தான், கண்ணால் கண்டேன். அன்று இரவு இஷாத் தொழுகைக்கு முன்பே அது வட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிட்டது. மறுநாள் சந்தையில் மூட்டை இறக்குகிறவன், "பந்து பத்திரமா வந்து சேர்ந்துட்டு நானா" என்றான். அவனுக்கு அடிக்காமல் விட்டது என் பொறுமை.

ஊர் இரண்டு மாதத்தில் மறந்துவிட்டது. நான் மறக்கவில்லை. அந்த ஏலக்காரர் என் தலைக்குள் குடிவந்துவிட்டார். பயிற்சியில் ஒரு பந்து தவறினால் உள்ளேயிருந்து மைக் கத்தும். அதற்குப் பின்பாட்டாக நானே என்னை ஏசத் தொடங்கினேன். மாடு, மண்டையில ஒண்டுமில்லாதவன், ஒனக்கெல்லாம் என்னத்துக்குடா பந்து. இதில் மிச்சத்தை இங்கே எழுத முடியாது. ஏசினால் ரோஷம் வரும், ரோஷம் வந்தால் நன்றாக அடிப்பேன் என்பது என் கணக்கு. கணக்கு பிழைத்தது. ஏச ஏசக் கால் கட்டையாகிப் போனது.

ஒரு நாள் முற்றத்தில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே இந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தேன். உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்கு ஏசுறீங்க?"

"எனக்குத்தான்."

"கிரவுண்டுல மத்த ஆளுக்கு இப்படி ஏசினா என்ன செய்வாங்க?"

"ரெட் கார்ட் தருவாங்க."

"அப்ப ஒங்களுக்கு ஏசினா மட்டும் கேக்க ஆளில்லையோ?"

அவளுக்குப் பந்து விளையாட்டில் ஓப்சைட் என்றால் என்னவென்றும் தெரியாது. அவள் எனக்குச் சட்டம் சொல்கிறாள். கோபம்தான் வந்தது. தேத்தண்ணி கேட்டுச் சமாளித்தேன்.

அடுத்த நாள் லொறியில் தனியாக வரும்போது என்னை நானே புகழ்ந்து பார்த்தேன். நீ சிங்கம்டா, ஒன்ன அடிக்க ஆளில்லடா. தேர்தல் கூட்டத்தில் மாலை போட்ட ஆள் கேட்பது போல இருந்தது. எனக்கே சிரிப்பு வந்தது. பொய் சொன்னால் மனசுக்கும் தெரிந்துவிடுகிறது. மற்றவனை ஏமாற்றலாம், லொறிக்குள் தனியாக இருக்கும்போது யாரை ஏமாற்றுவது?

விஷயம் பிடிபட்டது சந்தையில்தான். அங்கே லொறியைப் பின்னுக்கு எடுப்பது பெரிய பாடு. இரண்டு பக்கமும் கடை, நடுவில் சனம், பின்னால் தக்காளிப் பெட்டிகள். பின்னால் நின்று வழி சொல்கிறவன், அன்று பந்தைப் பற்றி விசாரித்த அதே மூட்டைக்காரன். "வா, வா, இடம் இருக்கு. பதறாத. கொஞ்சம் இடது. சரி, வா, இன்னும் இடம் இருக்கு." அன்றுதான் அந்தக் குரலைக் காது கொடுத்துக் கேட்டேன். வாய்க்கொழுப்புப் பிடித்த மனுஷன், லொறிக்குப் பின்னால் நின்றால் மட்டும் தாலாட்டுப் பாடுகிறான். ஏன் என்று யோசித்தேன். டிரைவர் பதறினால் சக்கரத்துக்குள் போவது அவன் கால். அதனால் அவன் புகழ்வதும் இல்லை, ஏசுவதும் இல்லை. எங்கே இடம் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறான்.

அந்தக் குரலைக் கடன் வாங்கினேன். மைதானத்தில் எல்லோரும் போன பிறகு பந்தை வைத்துக்கொண்டு எனக்கு நானே வழி சொன்னேன். பதறாத. காத்த விடு, அது அதுட வேலையப் பாக்கும். நிலத்தோட. இடது மூலை, இடம் இருக்கு, வா. தவறினாலும் அதே குரலில்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டேன். அது லேசு இல்லை. முதல் கிழமை சட்டத்தை மீறாத நாளே இல்லை. பிறகு வாய் பழகியது, வாய் பழகக் கால் இளகியது. லொறியிலும் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பாலாவிச் சந்தியில் ஒரு பொலிஸ்காரர் மறித்து, போனிலா கதைக்கிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். இல்லை சேர், என்னோடு கதைக்கிறேன் என்றேன். அவர் என் முகத்தையும் கத்தரிக்காய் மூட்டைகளையும் பார்த்துவிட்டு, பாவம் போ என்று கையைக் காட்டினார்.

இந்த வருஷமும் இறுதிப் போட்டிக்கு வந்தோம். அதே மைதானம், அதே காற்று, அதே மைக். ஆளுக்கொரு கோல் அடித்துச் சமமாக நின்றோம். நடுவில் ஒரு ஓப்சைட் தகராறு வந்து நேரத்தைத் தின்றுவிட்டது. பெனால்டி அடிக்கத் தொடங்கும்போது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கப்டன் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான், ஒனக்கு ஏலுமா? ஏலாட்டிச் சொல்லு, குறையில்ல."

"ஏலும். கடைசி எனக்கு."

எங்கள் கோல் காப்பாளர் அவர்களுடைய ஒன்றைத் தடுத்துவிட்டார். மற்றதெல்லாம் இரண்டு பக்கமும் உள்ளே போயின. மிச்சம் இருந்தது என்னுடையது மட்டும். அடித்தால் கிண்ணம் எங்களுக்கு. மைக் அதற்குள் ஆயத்தமாகிவிட்டது: "தோணிக்காரர் ரெடியா இருங்க, டிரைவர் வாறார்!" சனம் சிரிப்பதற்கு வாயைத் திறந்தது. நான் பந்தை வைத்து நிமிர்ந்தேன். பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பாங்கு தொடங்கியது.

பாங்கு சொன்னால் எங்கள் மைதானம் அப்படியே நின்றுவிடும். மைக்கும் நிற்க வேண்டும். ஆட்டமும் மைக்கும் மீண்டும் தொடங்குவது தொழுகை முடிந்த பிறகுதான். ரெஃப்ரி கையை உயர்த்தினார், சிரிக்க வந்த சனம் வாயை மூடியது. பந்துக்கு முன்னால் நான், கோலுக்குள் அவர்களுடைய காப்பாளர், சுற்றிவர ஊர். பாங்குக்குச் சொல்லுக்குச் சொல் பதில் சொல்ல வேண்டும் என்பதால் என்னோடு நான் கதைக்கவும் வழியில்லை. "ஹய்ய அலல் ஃபலாஹ்" என்று பள்ளியிலிருந்து வந்தது. வெற்றியின் பக்கம் வாருங்கள். பிறந்ததிலிருந்து நாளுக்கு ஐந்து தடவை கேட்கிற வசனம். அன்றுதான் என் பெயர் போட்டு அழைத்தது போல இருந்தது. கோலுக்குள் நின்றவனும் அதற்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது வேறு விஷயம்.

பாங்கு முடிந்தது. தொழுதுவிட்டு அடிக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். ஒரு பந்துதானே, முடிப்போம் என்று ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தார். மைதானத்தில் காற்றைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. எனக்கு என் குரல் மட்டும்தான் கேட்டது. பதறாத. நிலத்தோட. நேற்றும் அடிச்சாய். இடம் இருக்கு, வா.

அடித்தேன். பந்து புல்லை உரசிக்கொண்டு போனது. கோலுக்குள் நின்றவன் சரியான பக்கம்தான் பாய்ந்தான், விரலும் பட்டது. பட்டும் பந்து நிற்கவில்லை. கம்பத்தின் அடியைத் தொட்டு உள்ளே போய் வலையில் படுத்துக்கொண்டது.

ஊர் பேசாமல் நின்றது. இருட்டிக்கொண்டு வரும் மைம்மல் பொழுது, பின்னால் நின்றவர்களுக்குப் பந்து தெரியவில்லை. மைக் சொல்லாமல் கோல் என்று நம்பிப் பழக்கமும் இல்லை. மைக்கோ வாயை மூடிக்கொண்டிருந்தது. அப்படியானால் யார் சொல்வது? கையை விரித்துக்கொண்டு சனத்தை நோக்கி ஓடினேன். என் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வருமென்று எனக்கே தெரியாது.

"உள்ள! உள்ள! அடிச்சிட்டான்! எங்கட ஆள் அடிச்சிட்டான்!"

கப்டன் வந்து என் கழுத்தில் தொங்கினான். "யாருடா எங்கட ஆள்? அடிச்சது நீதானேடா விசரா!"

"ஓம், இவன்தான்!" என்று நான் என் நெஞ்சிலேயே ஓங்கித் தட்டினேன். "இவன்தான்டா எங்கட ஆள்!"