ஒராங்குட்டானின் தாய் எந்த ஊர்

நான் வேலை பார்ப்பது கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவையிலிருந்து உள்ளே திரும்பிப் போகும் பாதையில் உள்ள ஒரு தனியார் மிருகக்காட்சிசாலையில். புலிக்கு இறைச்சி போடுகிறேன் என்று சொந்தக்காரர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் திருத்துவதில்லை. உண்மையில் நான் மூன்று மொழிகளில் கடிதம் எழுதுகிறவள். என் மேசைக்கு வரும் பெரிய ஆபத்து, அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்துபோவதுதான்.

எங்களிடம் ஒராங்குட்டான்கள் இரண்டு உண்டு. ஆண் ஒன்று, பெண் ஒன்று. பெண்ணைப் பராமரிப்பாளர் சிங்களத்தில் நோனா, அதாவது சீமாட்டி, என்றுதான் கூப்பிடுவார். மழை வந்தால் அவள் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்காருவாள். ஆண் பக்கத்தில் வந்தால் சாக்கின் ஒரு நுனியை அவனுக்கும் கொடுப்பாள். கண்டி மழையில் குடையைப் பகிர்ந்துகொள்ளாத எத்தனையோ தம்பதிகளைப் பார்த்திருக்கிறேன். அதனால் இவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒரு நாள் முகாமையாளருக்குக் குட்டி ஆசை வந்தது. குட்டி பிறந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வருவார்களாம். குட்டிக்குப் பெயர் வைக்கும் போட்டிக்கான அறிவித்தலைக்கூட என்னை எழுதச் சொல்லிவிட்டார். தாய் தகப்பனிடம் அதுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் ஒராங்குட்டான்கள் நினைத்தபடி பிள்ளை பெற்றுக்கொள்ள முடியாது. வெளிநாட்டில் ஓர் அம்மா இருக்கிறார், இணைப்பாளர். உலகத்து மிருகக்காட்சிசாலைகளில் உள்ள ஒராங்குட்டான்களின் தாய், தகப்பன், பாட்டன், பூட்டன் எல்லாம் அவருடைய பதிவேட்டில் இருக்கிறது. யாரோடு யாரைச் சேர்க்கலாம், யார் சும்மா இருக்க வேண்டும் என்று அவர் பரிந்துரை எழுதுவார். காட்டில் இந்த இனம் அருகிவருவதால், கூண்டிலாவது கலப்பில்லாத குடும்பங்கள் நூறு வருடத்துக்கு நிலைக்க வேண்டும் என்பது திட்டம். அவருடைய முதல் மின்னஞ்சலை வாசித்தபோதே இந்த வேலை எனக்குத் தெரிந்த வேலை என்று பட்டது. வத்தேகமவிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் கலியாணத் தரகரும் இதைத்தான் செய்கிறார். அவரிடம் கணினி இல்லை, அவ்வளவுதான்.

எனக்கு முப்பத்தாறு வயது. அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் தபாற் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மா மடுல்கெல்லயில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். இரண்டு பேரும் விரும்பிக் கட்டிக்கொண்டார்கள். அதற்கான விலையைக் கட்டுவதற்கு ஒரே மகளாக நான் வந்து பிறந்தேன். யாழ்ப்பாணத்து மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, எழும்பும் நேரத்தில் தாய் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். தோட்டம் என்றால் திரும்பி வரமாட்டார்கள். தோட்டப் பக்கத்து வீட்டார் நான் வாய் தவறி ஒருமுறை யாழ்ப்பாணத்தார் போல ஆமாவுக்கு ஓம் என்று சொல்லிவிட்டால், பொண்ணு நமக்கு ஒத்துவருமா என்று ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். இரண்டு கரைக்கும் நான் அக்கரை.

தரகர்தான் வழி கண்டுபிடித்தார். என் விவரத்தாளில் தாயின் ஊர் என்ற இடத்தில் பேனையை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "கண்டின்னு போட்டுக்குவோம் மிஸ். மடுல்கெல்லயும் கண்டி மாவட்டந்தானே, பொய்யில்லயே." அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். அம்மா குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இது நடந்து மூன்று வருடம். அதற்குப் பிறகுதான் இணைப்பாளரின் படிவம் என் மேசைக்கு வந்தது. நோனாவின் கோப்பை அலுமாரியிலிருந்து எடுத்து முதன்முறையாகக் கடைசித் தாள் வரை வாசித்தேன். எனக்கு முன்னால் யாரும் அதை அவ்வளவு தூரம் வாசித்ததாகத் தெரியவில்லை. கடைசித் தாளில் இரண்டே வரி இருந்தது. தகப்பன் போர்னியோத் தீவு. தாய் சுமாத்திரா.

அது போதும். இரண்டும் வெவ்வேறு இனம். கலப்பாகப் பிறந்தவர்களுக்குப் பரிந்துரை கிடையாது என்று படிவத்தின் பின்பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது. எங்கள் ஆணோ கலப்பில்லாத போர்னியோ. இந்தத் தாள் இணைப்பாளரிடம் போனால் நோனாவுக்குப் பிள்ளை இல்லை. அதைவிட மோசம், அவனை வேறு நாட்டுக்கு மாப்பிள்ளையாகக் கேட்பார்கள். அவள் மழையில் தனியாகச் சாக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தாயின் பூர்வீகம் என்ற இடத்தில், அந்தத் தாய் வாழ்ந்து செத்த மிருகக்காட்சிசாலையின் பெயரை எழுதினேன். கடைசித் தாளைப் படி எடுக்காமல் மற்றவற்றை மட்டும் அனுப்பினேன். பொய்யில்லயே. தரகர் பார்த்திருந்தால் எனக்கு ஒரு கூட்டாளிப் பங்கு தந்திருப்பார்.

இணைப்பாளர் நல்ல மனுஷி. நன்றி சொல்லிவிட்டு, அப்படியே மரபணுச் சோதனைக்கு வேரோடு கொஞ்சம் முடியும் அனுப்பிவையுங்கள் என்று எழுதினார். தரகருக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் எனக்கு விளங்கியது. பராமரிப்பாளர் அன்னாசித் துண்டு ஒன்றைக் கொடுத்து நோனாவின் தோளிலிருந்து நாலைந்து முடியைப் பிடுங்கினார். அவள் அவரை ஒருமுறை முறைத்தாள், பிறகு அன்னாசியைத் தின்றாள். நான் அந்த முடியைக் கடித உறையில் போட்டு ஒட்டினேன்.

சில வாரங்களில் பதில் வந்தது. பெண் கலப்பு. உங்களிடம் தாயைப் பற்றிய பழைய ஆவணம் ஏதும் இல்லாமல் போனது துரதிருஷ்டம் என்று எனக்கு ஆறுதல் வேறு சொல்லியிருந்தார். குட்டி வேண்டாம், தினமும் கருத்தடைக் குளிசை கொடுக்கவும். ஆணைப் பற்றிய பந்தியை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். அவனுடைய தகப்பன் பல நாடுகளில் ஏராளமாகப் பிள்ளை பெற்றுத் தள்ளியிருந்தானாம். அந்தக் குடும்பத்து இரத்தம் பதிவேட்டில் வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது, ஆகவே அவனை எங்கும் அனுப்பத் தேவையில்லை. கலப்பு என்று அவளைத் தள்ளினார்கள். சுத்தம்தான், ஆனால் அதிகம் என்று அவனைத் தள்ளினார்கள். ஒருவருக்கும் வேண்டாதவர்களாகி இரண்டு பேரும் ஒன்றாக இருக்கலாம் என்று ஆயிற்று. எனக்குக் கந்தோரில் உட்கார்ந்தபடியே சிரிப்பு வந்தது. முகாமையாளர் சிரிக்கவில்லை. அறிவித்தலைக் கிழித்துப்போடச் சொன்னார்.

இப்போது பராமரிப்பாளர் காலையில் தயிரில் இனிப்புக்குக் கித்துள் பாணி ஊற்றி, குளிசையைப் பொடித்துப் போட்டு, கரண்டியால் ஊட்டுகிறார். நோனா ரசித்துச் சாப்பிடுகிறாள். கொடுத்ததற்கு அடையாளமாகத் தாளில் சரி போடுவது என் வேலை.

பதில் வந்த அன்று பின்னேரம் வீட்டில் தேநீர் குடிக்கும்போது இதையெல்லாம் ஒரு பகிடியாகச் சொன்னேன். ஆணுடைய தகப்பனின் பெருமையைச் சொன்ன இடத்தில் அப்பாவுக்குப் புரை ஏறியது. அம்மா சிரிக்கவில்லை. கதிரையின் நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர், நான் முடித்த பிறகு கேட்டார்.

"அதோட அம்மா எந்த ஊருன்னு தெரிஞ்சும் நீ எழுதலயா?"

எழுதினால் அவளைப் பிள்ளை பெற விடமாட்டார்கள், அவளுடைய நன்மைக்காகத்தான் மறைத்தேன் என்றேன்.

"நன்மைக்குத்தான்," என்றார் அம்மா. "என்னையும் அப்படித்தானே எழுதினீங்க."

அவருடைய குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது பேசித் தப்பியிருப்பேன். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். "அது தரகர் எழுதினதெல்லோ," என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒரு குரங்கின் தாய்க்காக ஒரு வாரம் தூக்கம் கெட்டுத் தவித்தவள் நான். என் தாயை ஒரு வரியில் அழித்த அன்று நன்றாகத் தூங்கியிருக்கிறேன்.

அம்மாவுக்கு எப்போது தெரியும் என்று மெதுவாகக் கேட்டேன். முதலிலிருந்தே தெரியும் என்றார். தரகர் வந்துபோகும் ஒவ்வொரு முறையும் என் விவரத்தாளின் பிரதிகளை நான்காக மடித்து, என் படத்தோடு உறையில் போட்டு, ஈரத் துணியால் தொட்டு ஒட்டிக் கொடுத்தது அம்மாதான்.