இருபதாம் நம்பர் கதவு

கதவு நிலைக்கு மேலே நீலப் பெயின்டில் 20 என்று எழுதியிருக்கும். இரண்டுக்கு வால் கொஞ்சம் நீளம், பூச்சியம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். இரத்தினபுரிப் பக்கம் ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்துக்குப் போன மாதம் போனபோதும் அதன் கீழே நின்றுதான் கதவைத் தட்டினேன். அதை எழுதியவர் பிள்ளைக்காம்பரா அக்கா. கொழுந்தெடுக்கவும் ரப்பர் பால் வெட்டவும் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. என் வேலை கேபிள் கம்பனிக்கு வாடிக்கையாளர் சேர்ப்பது.

அங்கே நான் முதலில் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் லயம் பள்ளத்தில் இருந்தது. கைப்பேசியில் பேச வேண்டுமென்றால் கோயில் பாறைக்கு ஏற வேண்டும். அதனால் டிவி, இன்டர்நெட், வீட்டு போன் மூன்றும் ஒரே வயரில் வரும் என்று நான் சொன்னதும் எல்லோரும் கூடிவிட்டார்கள். முன்பக்கம் பத்து, பின்பக்கம் பத்து என்று இருபது வீடுகளும் ஒரே காலையில் கையெழுத்துப் போட்டன. நானும் அரநாயக்கப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். ஆபீசில் சிங்களமும் லயத்தில் தமிழும் பேசத் தெரிந்தவள் என்றுதான் கம்பனி என்னை எடுத்திருந்தது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்து அதிகாரியம்மா, நாங்கள் நோனா என்போம், போன் எடுத்து, ஒரே வீட்டுக்கு இருபது டிவி எதற்கு, அந்த ஆளுக்குப் பைத்தியமா என்று சிங்களத்தில் கேட்டார். கம்ப்யூட்டர் ஒரு முகவரிக்கு ஓர் இணைப்பைத்தான் ஏற்கும். நானோ இருபது படிவங்களிலும் ‘இரண்டாம் டிவிசன், நாலாம் லயம்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். தோட்டத்தில் அதுதான் முகவரி. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அவர்கள் கொடுக்கும்போது கிடைக்கும். அப்படியொரு முகவரியில்தான் நானும் வளர்ந்தேன். வீட்டுக்கென்று ஒரு நம்பர் இல்லாதது ஒரு குறையாக அதுவரை எனக்கு உறைத்ததே இல்லை. நோனாவின் ஏச்சைவிட இதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பப் போய் வீடுகளுக்கு நம்பர் வேண்டும் என்றேன். உடனே சண்டை தொடங்கிவிட்டது. ஒன்றாம் நம்பர் தன் வீட்டுக்குத்தான் என்றார் கங்காணி. பின்பக்கத்துக்காரர்கள் பதினொன்றிலிருந்து ஏன் தொடங்க வேண்டும் என்று கேட்டார்கள். அப்போது இடுப்பில் ஒரு குழந்தையோடு அக்கா வெளியே வந்தார். “எதுக்கு இந்தச் சண்டை? நம்பர்தான் ஏற்கனவே இருக்கே. உள்ள வாங்க தங்கச்சி” என்று என்னைக் கூட்டிப்போனார்.

லயத்தின் கடைசி வீடு அவருடையது. அதன் சுவரை ஒட்டியே பிள்ளைக்காம்பரா. உள்ளே நீளமான உத்திரத்தில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சேலைத் தொட்டில். கொக்கிக்கு மேலே கரியால் எழுதிய நம்பர். ஒரு வீட்டுக்கு ஒரு கொக்கி. பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போனாலும் அந்தக் கொக்கி அந்த வீட்டுக்குத்தான், அடுத்த பிள்ளையோ பேரப்பிள்ளையோ வரும்வரை காத்திருக்கும். அந்த நம்பரை யாரும் மறுத்துப் பேசவில்லை. கங்காணி வீட்டுக்கு ஒன்பது கிடைத்தது. அவரும் வாங்கிக்கொண்டார்.

பத்தொன்பது வீடுகளை எழுதி முடித்துவிட்டு, “உங்க நம்பர் என்னக்கா?” என்று கேட்டேன்.

“நமக்கு ஏது? தொட்டில் இருந்தாத்தானே நம்பரு” என்றார், வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல.

அந்த இடத்தை வெறுமையாக விட்டுப் படிவத்தைக் கம்பனியில் கொடுத்துவிட்டேன். நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் தப்பி ஓடினேன். பத்தொன்பது வீட்டுக்கும் வயர் போனது. நம்பர் கொடுத்தவரின் விண்ணப்பத்தை மட்டும் கம்ப்யூட்டர் தள்ளிவிட்டது.

ஒரு மாதம் கழித்து, யார் வீட்டிலோ படம் தெளிவில்லை என்று பார்க்கப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அக்காவின் தங்கை குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும் அந்த வீட்டு போனில் பேச விடுவார்கள். தோட்டத்துக்கு லீவு விழுந்தாலொழிய அந்த நேரம் குழந்தைகளை விட்டுவிட்டு அக்கா பாறைக்கு ஏற முடியாது. மற்ற வீடுகளோ பகலில் பூட்டிக் கிடக்கும். “அவ குரலக் கேட்டு மூணு மாசமாச்சு தங்கச்சி. ரெண்டு வருச அக்ரிமென்டும் முடிஞ்சிருக்கும்” என்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

உத்திரத்தின் கோடியில் இருபதாவதாக ஒரு கொக்கி இருந்தது. தொட்டில் கிடையாது, நம்பர் கிடையாது. ஆனால் மற்றவற்றைப்போலவே துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசியிருந்தது. அதைக் காட்டித் தயங்கியபடி கேட்டேன்.

“எனக்குன்னு வச்சிருந்தேன். பன்னெண்டு வருசமாச்சு. சரி, அந்த நம்பரையே போட்டுக்கங்க.”

கோயிலுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்டை எடுத்து வந்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், அவர் ஏறி நின்று எழுதினார்.

அந்த நம்பரில் வயர் வந்ததும், குவைத்தில் இருந்த பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி மூலம் போன் நம்பர் தங்கைக்குப் போய்ச் சேர்ந்தது. அழைப்பு வந்த வெள்ளிக்கிழமை, சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்ததும் கையில் இருந்த குழந்தையோடு ஓடியதாக அக்கா சொன்னார். வீட்டுக்காரம்மா பாஸ்போட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு அனுப்ப மறுக்கிறாளாம். அடுத்த வாரமே அக்கா முறைப்பாடு கொடுக்க இரத்தினபுரியில் உள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனார். வீட்டு இலக்கம் என்ன என்று கேட்டார்களாம். போன் பில்லை எடுத்து வைத்தாராம். அந்தப் பில்லால்தான் தங்கை வந்தாள் என்று நான் சொல்லமாட்டேன். அக்கா நடையாய் நடந்தார். ஆனால் பதில் கடிதங்கள் ஆபீஸ் மேசையில் கிடக்காமல் நேரே இருபதாம் நம்பர் கதவுக்கு வந்தன. ஐந்து மாதத்தில் தங்கையும் வந்தாள்.

இப்போது மலைமேல் டவர் வந்துவிட்டது. லயத்துக்குள்ளேயே கைப்பேசி பேசுகிறது. வீட்டு போனை ஒவ்வொருவராக வெட்டுகிறார்கள். சேர்க்கப் போனவள் இப்போது பெட்டிகளைத் திரும்பச் சேகரிக்கப் போகிறேன். போன மாதம் அக்காவின் முறை. கதவைத் திறந்தது தங்கை, கையெல்லாம் ரொட்டி மாவு. அக்கா போனைத் துடைத்துத் துணியில் சுற்றி வைத்திருந்தார். பிள்ளைக்காம்பராவில் இருபதாவது கொக்கி இன்றும் காலிதான். எண்ணெய் மட்டும் பூசியிருக்கிறது.

“வயர எடுத்துட்டுப் போங்க தங்கச்சி. நம்பரயும் எடுத்துருவாங்களோ?” என்று கேட்டார்.

எங்கள் லிஸ்டிலிருந்துதான் பெயர் போகும், கதவு நம்பர் உங்களுடையது, அதை யாரும் தொட முடியாது என்றேன். தலையாட்டினார். முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

துண்டிப்புப் படிவத்திலும் முகவரிக்கு ஓர் இடம் உண்டு. வழக்கம்போல நானே எழுதப் போனேன். அக்கா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, முதலில் 20 என்று எழுதினார். இரண்டுக்கு வால் கொஞ்சம் நீளம்.