சொல்தாவைக் காணோம்

என் பெயர் புருஷோத்தமன். வயது ஐம்பத்து மூன்று. புதுச்சேரியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். மூலக்குளத்தில் சின்னதாக ஒரு சொந்த வீடு. மனைவி சந்திரகலா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். ஒரே மகள் கவிநிலா ஓசூரில் இருக்கிறாள். என் வரலாற்றை இத்தோடு முடித்துக்கொள்ளலாம். மிச்சமெல்லாம் நான் ஆரம்பித்துப் பாதியில் விட்டவை.

கீபோர்டு வாங்கி ஒரு பாட்டின் பல்லவி வரை வாசித்தேன். சரணத்துக்குப் போகவே இல்லை. பிரெஞ்சு கற்றுக்கொள்ளச் செல்போனில் ஒரு செயலி இறக்கினேன். ஒன்பதாம் நாள் அதுவே "உங்களைக் காணவில்லையே" என்று வருத்தப்பட்டுச் செய்தி அனுப்பியது. என் அப்பா மில்லில் முப்பது வருடம் ஒரே மிஷின் முன்னால் நின்றவர். நான் எதன் முன்னாலும் முப்பது நாள் நின்றதில்லை.

நான் விடாமல் பிடித்துக்கொண்ட ஒரே பழக்கம் செல்போன். இன்னொன்று, பூனை.

ஃபெஞ்சல் புயலில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, என் ஸ்கூட்டர் சீட்டின் மேல் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது அந்தக் குட்டி. வெள்ளை உடம்பு, நெற்றியில் கறுப்புத் திட்டு, ஒரு காது லேசாகக் கிழிந்திருந்தது. உள்ளே கொண்டுவந்து துவட்டினேன். ஒரு மாதத்தில் கொழுகொழுவென்று ஆனது. எலி எதிரே போனாலும் திரும்பிப் பார்க்காது. வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு, பின்னறை ஜன்னல் திட்டில் காலை மடித்து உட்கார்ந்து தெருவை மேற்பார்வை பார்க்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றுப் பென்ஷனில் இருப்பவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அந்தத் தோரணையைப் பார்த்துப் பூனைக்கும் அதையே பெயராக வைத்தேன். நல்ல நகைச்சுவை என்று அப்போது நினைத்தேன்.

பொங்கலுக்கு வந்துபோன கவிநிலா, ஊருக்குப் போனதும் ஒரு கேமரா வாங்கி அனுப்பினாள். "சொல்தாவ இங்கிருந்தே பாத்துக்குவேன்பா" என்றாள். பின்னறைச் சுவரில் மாட்டினேன். அவள் இரண்டு வாரம் பார்த்தாள். பிறகு அவளுக்கு வேலை வந்துவிட்டது. எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

பள்ளியில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைத் திறந்து பூனையைப் பார்ப்பேன். அது தூங்கும். மறுபடி திறப்பேன். அப்போதும் தூங்கும். ஒருநாள் செய்முறை வகுப்பில் வேதியியல் ஆசிரியை சுமலதா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், வாளி ரொம்பி தண்ணி உங்க செருப்புக்கு வந்துடுச்சி."

நிமிர்ந்து பார்த்தேன். முப்பத்தாறு மாணவிகள் பியூரெட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கேமராவில் பேசவும் முடியும் என்று பிறகுதான் கண்டுபிடித்தேன். பதினோரு மணி இடைவேளையில் மாமரத்தடிக்குப் போய் போனை வாயருகே வைத்துக்கொள்வேன். "சொல்தா! இன்னும் தூக்கமா? எழுந்திரு சொல்தா! தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்துக்கிட்டா உடம்பு என்னத்துக்கு ஆவும்?" பூனை திடுக்கிட்டு எழுந்து சுற்றும்முற்றும் பார்க்கும். என் குரலை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது என்று பூரித்துப்போவேன். கேமராவின் சத்தம் முழுதாக வைக்கப்பட்டிருந்தது எனக்குத் தெரியாது. குறைக்கவும் தெரியாது.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் அப்படிக் கூப்பிட்டதும் சொல்தா ஜன்னல் வழியாகப் பாய்ந்து வெளியே போனது. சாயங்காலம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

சந்திரகலாவிடம், "பூனைன்னா அப்படித்தான், வரும்" என்று தெம்பாகச் சொல்லிவிட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்ததும் அவள், "குளிச்சீங்களே, தலையே நனையலையே" என்றாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் நகர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். பாசத்தில் மரியாதை கொஞ்சம் கூடிவிட்டது. "எங்கள் சொல்தா மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லை. நல்ல வெள்ளை. நெற்றியில் கறுப்பாக இருக்கும். மிகவும் சாது. பால் என்றால் வந்துவிடுவார். பார்த்தவர்கள் தயவுசெய்து அழைத்து வரவும்." கூடவே போட்டோவும் போட்டேன். அது போய்ச்சேரவில்லை என்பதைக் கவனிக்காமல் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, மூலக்குளத்துச் சந்துகளில் தேடக் கிளம்பினேன். வாழ்நாளில் போன் தேவைப்பட்ட ஒரே ஒரு மணி நேரம், அது என் கையில் இல்லை.

திரும்பி வந்தபோது குழுவே கொதித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு நர்ஸ் சுடர்விழி, "பிபி மாத்திரை சாப்பிடறவரா?" என்று கேட்டிருந்தாள். யாரோ போலீசில் சொல்லும்படி எழுதியிருந்தார்கள். ஒருவர் அவசரப்பட்டு ஆழ்ந்த இரங்கலே போட்டிருந்தார். நான் படித்து முடிப்பதற்குள் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். எங்கள் நகர் சங்கச் செயலாளர் இராமதாஸ்.

"சார், கெடச்சிட்டாரு சார்!"

பின் சீட்டிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். நல்ல வெள்ளை முடி. நெற்றியில் கறுப்பு மச்சம். கையில் பால் பாக்கெட்.

"நான் எங்கய்யா காணாம போனேன்?" என்று அவர் கத்தினார். "பால் வாங்கப் போனவன இவன் வண்டியில ஏத்திக்கினு வந்துட்டான்! எங்கன்னு கேட்டா, கவலப்படாதீங்க, வூட்டுக்குத்தான்னுறான்!"

"நம்ம நகர்ல சொல்தான்னா ஐயா ஒருத்தர்தான சார்..." என்று இராமதாஸ் இழுத்தார்.

சந்திரகலா வாசலுக்கு வந்தவள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் தனியாக மாட்டிக்கொண்டேன். பெரியவரிடம் நல்லபடியாக ஆரம்பிப்போம் என்று, செயலி சொல்லிக்கொடுத்த பிரெஞ்சில் மாலை வணக்கம் சொன்னேன்.

"தமிழ்ல பேசு தம்பி" என்றார்.

"மன்னிச்சிடுங்க ஐயா. காணாம போனது எங்க பூனைங்க. அதுக்குப் பேருதான்... சொல்தா."

"பூனைக்கு?"

"ஆமாங்க."

அவர் என் வீட்டை ஏற இறங்கப் பார்த்தார். பின்பக்கம் கை காட்டினார். "அப்ப தெனம் பதினோரு மணிக்குக் கத்துறது நீதானா?"

அவர் பெயர் கோவிந்தராசு. எங்கள் பின்சுவரை ஒட்டிய பின்தெரு வீட்டில் தனியாக இருக்கிறார். பிள்ளைகள் பிரான்சில்.

"பதினேழு வருசம் பட்டாளத்துல இருந்தவன் நான். ஆப்பிரிக்காவுல ஜிபூத்தி வெயில்ல காவல் நின்னவன். மாசக்கணக்கா உன் வூட்லேர்ந்து ஒரு கொரலு, சொல்தா இன்னும் தூக்கமான்னுது, தின்னுட்டுத் தின்னுட்டுப் படுத்துக்கிட்டான்னுது. எட்டிப் பாத்தா ஆளு இல்ல. ரெண்டு தரம் நானே பயந்து எழுந்து உக்காந்துட்டேன். யாரு என்னைக் கண்காணிக்கிறான்னு தெரியாம பகல் தூக்கத்தையே வுட்டுட்டேன்!"

அவர் சற்று மூச்சு வாங்கிவிட்டு, "காது கிழிஞ்ச வெள்ளப் பூனையா?" என்றார். "எங்க வூட்டு பீரோ மேல படுத்திருக்குது. செவ்வாக்கெழம நீ கத்துனதும் செவுரேறி ஓடியாந்துது. ரெண்டு பேருக்கும் தொல்ல ஒண்ணுதானேன்னு சோறு வெச்சேன்."

ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் கதவைத் திறந்ததும் பீரோ மேல் அந்த வெள்ளை உருண்டையைப் பார்த்தேன். "சொல்தா!" என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். பூனை ஒரே தாவலில் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. குனிந்து பார்த்தேன். இருட்டில் இரண்டு கண்கள், என்னைப் பார்த்து நடுங்கின.

வீட்டுக்கு வந்து, கேமராவில் பதிந்திருந்த பழைய காட்சிகளைப் போட்டுப் பார்த்தேன். முதல் நாட்களில் என் குரல் கேட்டதும் பூனை என் நாற்காலியை முகர்ந்திருக்கிறது. பிறகு அறைக்கு வெளியே போய் என்னைத் தேடிவிட்டு, வெறுமனே திரும்பி வந்து படுத்திருக்கிறது. நாளாக நாளாகத் தேடுவதை விட்டுவிட்டு மூலையில் பம்மியிருக்கிறது. அதைவிட மோசமான காட்சி ஒன்று இருந்தது. பள்ளி விட்டு வந்து நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். உச்சியில் வழுக்கை, எனக்கே தெரியாத அளவில், பளபளக்கிறது. என் காலடியில் சொல்தா அண்ணாந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் போனில் கேமராவைத் திறந்து, அதே சொல்தாவைப் பெரிதாக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சந்திரகலா, "இது யாருங்க?" என்று என்னைக் காட்டிக் கேட்டாள்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கேமராவைக் கழற்றினேன்.

அடுத்த நாளிலிருந்து சாயங்காலம் கோவிந்தராசு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். பூனையைக் கூப்பிடுவதில்லை. வாயைத் திறந்தால் அது ஓடும் என்பதால் பெரியவரிடமும் தலையாட்டலோடு சரி. அவருக்கு அது வசதியாகப் போனது. பல வருடத்துக் கதைகளை வைத்திருந்தார். மூன்றாம் நாள் பூனை பீரோ மேலிருந்து எட்டிப் பார்த்தது. ஐந்தாம் நாள் கீழே வந்து என் கால் விரலை முகர்ந்துவிட்டு, அவர் நாற்காலிக்கு அடியில் போய்ப் படுத்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

பெயரை மாற்றிவிடுகிறேன் என்று மெல்ல அவர் காதில் சொன்னேன்.

"மாத்தாத" என்றார். "மூணு எழுத்துக்குப் பழகிடுச்சி. கொஞ்சம் மெதுவா கூப்பிடு, போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலை அது சுவரேறி எங்கள் வீட்டுக்குத் தானே வந்தது. பகலில் அங்கே, ராத்திரியில் இங்கே என்று அதுவாகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. யாரையும் கேட்கவில்லை.

சென்ற வாரம் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, ரொம்ப நாளைக்குப் பிறகு மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது. உள்ளறையில் போன் அடித்தது. கவிநிலாவாக இருக்கும். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. நான் எழுந்து போகவில்லை. மனம் திருந்திவிட்டது என்று சந்திரகலா நினைத்துக்கொண்டாள். உண்மையில் இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன.