அடுப்படி எந்தப் பக்கம் திறக்க வேண்டும்?

கும்பகோணத்தில் அக்கா வீடு கட்டப்போகிறாள். வரைபடத்தில் தகராறு ஒன்றே ஒன்று, ஓப்பன் கிச்சன். இத்தனை வருடம் பின்கட்டு அடுப்படியில் தனியாக வெந்தது போதும், ஹாலில் நடக்கும் பேச்சில் தானும் இருக்க வேண்டும் என்பது அக்காவின் கட்சி. மீன் வறுத்தால் சோபாவெல்லாம் நாறும் என்பது அத்தானின் கட்சி. திங்கட்கிழமை மேஸ்திரி வேலையைத் தொடங்கிவிடுவார். அதற்குள் அப்படியொரு வீட்டை நேரில் பார்த்துவிடலாம் என்று, பொங்கல் முடிந்த சனிக்கிழமை மூவரும் கிளம்பினோம். நான் அக்கா கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காலை ஏழு மணிக்குப் பஸ். மன்னார்குடி வழியாகத் திருத்துறைப்பூண்டிக்குச் சுமார் அறுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். சம்பா அறுவடை நடப்பதால் பாதிச் சாலையில் நெல் காய்கிறது. அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் ஆட்டோ, இருநூறு ரூபாய்.

"துபாய்க்காரங்க கண்ணாடி வீடுதானே? முன்னாடி யாரும் இருக்க மாட்டாங்க, பின்பக்கம் போங்க" என்றார் ஓட்டுநர்.

அது அக்காவின் பள்ளித்தோழி ஜெய்த்தூன் வீடு. ஓப்பன் கிச்சன் பளபளவென்று இருந்தது. அடுப்பின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. அத்தானின் மீசை சிரித்தது.

"இது பாக்கத்தான்டி. சமையல் பின்னாடி கொட்டகையில. வாங்கண்ணே, அங்க நல்லா காத்து வரும்" என்று ஜெய்த்தூன் அழைத்துப்போனார்.

தகரக் கொட்டகை, மூன்று பக்கமும் திறப்பு, எதிரே வயல். நடுவில் நீள மேடை, அதில் அடுப்பு, சுற்றிலும் நாற்காலிகள். விரால் மீன் வறுபட்டது, புகை வயல் பக்கம் போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நெல் விலை பேசினார்கள். ஜெய்த்தூன் கரண்டியும் கையுமாக நின்றபடியே எல்லோரையும் மடக்கினார். யாரோ அத்தான் முன்னால் ஒரு தட்டுச் சின்ன வெங்காயத்தை வைத்தார்கள். வீட்டில் தண்ணீர்கூட எடுத்துக் குடிக்காத மனிதர், பேச்சு சுவாரஸ்யத்தில் அத்தனையையும் உரித்துவிட்டார். அக்கா என் கையைக் கிள்ளினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வீடு கட்டப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை. படங்களை அப்புறம் பாருங்கள், முதலில் அதே மாதிரி கட்டிய வீட்டில் போய் ஒரு வேளை சாப்பிடுங்கள். ஓப்பன் கிச்சன் நல்ல யோசனைதான். டெல்டா வெயிலுக்கும் மீனுக்கும் அது கொல்லைப் பக்கம் திறக்க வேண்டும். திரும்பும் பஸ்ஸில் நான்கு மணிக்கு மேல் கூட்டம், முன்பே ஏறிவிடுங்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் அக்கா மேஸ்திரிக்குப் போன் செய்தாள். "அடுப்படிய கொல்லைப் பக்கமா திருப்பிடுங்க. மூணு பக்கம் செவுரு வேணாம்."

ஜன்னலோரம் தூங்குவதாக நாங்கள் நினைத்த அத்தான் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மேடைக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு ஸ்டூல் போட எடம் விடச் சொல்லு."