தட்டிலேயே கிடந்த ஆறுபட்டைக் குச்சி

எங்கள் ஊர் பூரணாங்குப்பம். என் மனைவி மீன் விற்றுச் சேர்த்த காசில் வாங்கிய பழைய டீசல் காரில் ஆயில் பம்பைச் சுழற்றும் பேலன்ஸ் ஷாப்ட் என்ற பாகம் தேய்ந்துவிட்டது. மெக்கானிக் எதற்கு என்று, செல்போனில் வீடியோ பார்த்து, அவள் அண்ணனோடு சேர்ந்து வாசலிலேயே அதை மாற்ற இறங்கினேன்.

புதிதாக எது வந்தாலும் நாங்கள் சாமி முன்னால் வைத்துத்தான் எடுப்போம். புது ஷாப்ட்டையும், அதை ஆயில் பம்போடு இணைக்கும் விரல் நீள ஆறுபட்டைக் குச்சியையும் தட்டில் வைத்து, பொட்டிட்டு, பூப்போட்டுக் கற்பூரம் காட்டினாள் மனைவி. நாங்கள் ஷாப்ட்டை எடுத்து மாட்டி, இன்ஜினை மூடினோம்.

அவள் ஓடி வந்தாள். "இன்னாங்க, பூவுக்கு அடியில ஒரு குச்சி கெடக்குது, வேணாமா?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மீன் விக்கிறவளுக்கு இன்ஜினப் பத்தி இன்னா தெரியும்? உள்ள போடி!"

அவளுடைய அண்ணனே அதற்குச் சிரித்தான்.

சாவியைத் திருகியதும் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. புது ஆயில் ஏறட்டும் என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். சுத்தியலால் அடிப்பதுபோல் உள்ளே சத்தம் கேட்டது. பிறகு ஆயில் ஏறாமலே இன்ஜின் இறுகி, ஒரேயடியாக நின்றுபோனது.

அவள் தட்டைக் கொண்டுவந்து பானெட் மேல் வைத்தாள். குங்குமப் பொட்டோடு குச்சி கிடந்தது.

இப்போது அவள் பஸ்ஸில்தான் வியாபாரத்துக்குப் போகிறாள். கூடையை ஸ்டாப் வரை நான் சுமக்கிறேன். அவளிடம் காட்டாமல் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாட்டுவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் குச்சிக்குப் பொட்டு வைத்து, "இன்ஜினு தெரிஞ்சவரே, வந்து கும்பிடுங்க" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிடுகிறாள்.

போய்க் கும்பிடுகிறேன்.